ஆர்டர் ஏறுது, இறங்குது... எதை நம்புவது? தொழில் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களை மேஜையில் பரப்பிவைத்துப் பார்த்தேன். தையல் கூடம் நடத்துபவர், உதிரிபாகப் பட்டறைக்காரர், ஆன்லைனில் பொருள் விற்பவர் என்று ஆள் வேறு, தொழில் வேறு. கேள்வி என்னவோ ஒன்றுதான்: நிலைமை நாளுக்கு நாள் மாறுகிறது, எதைப் பார்த்து முடிவெடுப்பது? நான் பொருளாதாரம் படித்தவன் அல்ல. 26 வருஷம் அட்டைப்பெட்டி செய்து விற்றவன். பதிலும் அந்த அளவுக்குத்தான் இருக்கும். தொழில் விவரம் வெளியே தெரிய வேண்டாமே என்று யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: சீருடை தைத்துக் கொடுக்கும் சிறிய கூடம் நடத்துகிறேன். புதிதாக ஆறு மெஷின் வாங்கலாமா என்று நான்கு மாதமாக யோசனை. காலையில் எழுந்ததும் செய்தி, வட்டி, நூல் விலை, டாலர், போர் எல்லாவற்றையும் பார்க்கிறேன். பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடுகிறது. எதைப் பார்ப்பது, எதை விடுவது?

நீங்களாவது நான்கு மாதம். நான் ஏழு மாதம் இழுத்தடித்தேன். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு செமி ஆட்டோமேட்டிக் லைன். இரண்டாவது போடலாமா என்று கேள்வி. தினமும் செய்தித்தாளில் தொழில் பக்கத்தைக் கத்தரித்து ஒரு ஃபைலில் ஒட்டிவைப்பேன். ஃபைல் தடித்ததே தவிர முடிவு வரவில்லை.

எங்கள் கணக்காளர் என் அப்பா காலத்து ஆள். ஒருநாள் நான் ஏதோ ஒரு செய்தியைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்: "தம்பி, இதே செய்தி அப்படியே தலைகீழா வந்திருந்தா மெஷின் வேண்டாம்னு சொல்லியிருப்பீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். "சொல்லியிருக்க மாட்டேன்."

"அப்ப அதை வெட்டி ஃபைல்ல வெச்சு என்ன பண்றது?"

அன்று சாயங்காலம் ஃபைலைப் பிரித்து ஒவ்வொரு தாளுக்கும் அதே கேள்வியைப் போட்டேன். கடைசியில் மேஜையில் ஒரு தாளும் மிஞ்சவில்லை. என் முடிவை மாற்றக்கூடிய இரண்டு விஷயமும் எங்கள் ஷெட்டுக்குள்ளேயே இருந்தன. ஒன்று, மாதத்தில் எத்தனை மணி நேரம் ஓவர்டைம் ஓடுகிறது. இன்னொன்று, எத்தனை முறை வாடிக்கையாளரிடம் "நாலு நாள் தள்ளித் தருகிறோம்" என்று சொல்கிறோம். ஒரு நோட்டில் எழுதினேன்: மூன்று மாதம் தொடர்ந்து ஓவர்டைம் 120 மணிக்கு மேல் போனால் வாங்குவது. இரண்டு மாதம் 60-க்குக் கீழே இறங்கினால் பேச்சை விடுவது. நடுவில் இருந்தால் மிச்ச வேலையை வெளியே ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்து ஓட்டுவது. அப்புறம் செய்தித்தாளில் சினிமா பக்கத்தை நிம்மதியாகப் படித்தேன்.

உங்கள் கதைக்கு வருகிறேன். நூல் விலை முக்கியம்தான், ஆனால் அது கொட்டேஷன் போடும் முடிவுக்கு உரியது. மெஷின் வாங்கும் முடிவுக்குள் அதை இழுத்துவரும்போதுதான் தலை சுற்றுகிறது. வட்டிக்கு ஒரு கணக்கு இருக்கிறது. எவ்வளவு ஏறினால் தவணை உங்கள் கையை மீறும் என்று ஒரே ஒரு முறை உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். அந்த எண் இப்போதைய வட்டியிலிருந்து வெகு தூரத்தில் இருந்தால், வட்டிச் செய்தி இனி உங்களுக்குச் செய்தி இல்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் மூன்றைத்தான் பார்ப்பேன். இப்போதிருக்கும் மெஷின்கள் எத்தனை மணி நேரம் சும்மா நிற்கின்றன? வரும் ஒரு வருஷத்தில் புதுப்பிக்க வேண்டிய ஒப்பந்தங்களில் எத்தனை பேர் அளவு எடுக்க ஆள் வரச் சொல்லிவிட்டார்கள்? புது மெஷினில் உட்காரத் தேர்ந்த கை கிடைக்குமா? மூன்றாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அப்புறம், ஆறு என்பது ஏன் ஒரே முடிவாக இருக்க வேண்டும்? இரண்டை வாங்குங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். மூன்று மாதத்தில் அந்த இரண்டும் சொல்வதை எந்தத் தொழில் பக்கமும் சொல்லாது.

கேள்வி: உதிரிபாகப் பட்டறை. இரண்டு மாதமாக ஆர்டர் இரட்டிப்பாகிவிட்டது. பழைய வாடிக்கையாளர்கள்தான், ஆளுக்கு ஆள் கூடுதலாகக் கேட்கிறார்கள். நான்கு பேரை வேலைக்கு எடுத்து, மூலப்பொருளும் மொத்தமாக வாங்கிப் போடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். ஆர்டர் என்பது அவர் உங்களிடம் கேட்டது. அவர் எவ்வளவு பயன்படுத்துகிறார் என்பது வேறு எண். இந்த இரண்டும் ஒன்றுபோல நகரும் என்று நம்பித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

1990-களில் புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் தன் பாம்பர்ஸ் டயப்பர் விற்பனையை ஆராய்ந்தபோது ஒரு விநோதம் தெரிந்தது. குழந்தைகள் டயப்பரை ஏறக்குறைய ஒரே சீராகத்தான் நனைக்கின்றன. கடை விற்பனையிலும் பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. விநியோகஸ்தர்கள் கம்பெனிக்குப் போட்ட ஆர்டரோ கண்டபடி ஆடியது. கம்பெனி தன் சப்ளையர்களுக்குப் போட்ட ஆர்டர் அதைவிட மோசமாக ஆடியது. கையில் சாட்டையைச் சற்று அசைத்தால் நுனி வீசியடிக்கும் அல்லவா, அதனால் இதற்குச் சாட்டை விளைவு என்றே பெயர். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஜே ஃபாரெஸ்டர் இதன் இயக்கத்தை 1961-லேயே விளக்கியிருந்தார். உங்களையும் என்னையும் போன்றவர்கள் நிற்பது அந்த நுனியில்.

இதில் பற்றாக்குறை பயமும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். சரக்கு கிடைக்காதோ என்ற பயத்தில், ஐந்து வேண்டியவர் பத்து கேட்பார். அதையும் இரண்டு இடத்தில் கேட்பார். முதலில் எங்கே கிடைக்கிறதோ அங்கே வாங்கிக்கொண்டு மற்றதை ரத்து செய்வார். நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனத்துக்கு இது நடந்தது. ஆர்டர் குவிவதை நம்பி உதிரிபாகங்களை வாங்கிக் குவித்தார்கள். 2001-ல் தேவை சரிந்ததும் சுமார் 220 கோடி டாலர் மதிப்புள்ள சரக்கை நஷ்டக் கணக்கில் எழுத வேண்டியதாயிற்று. அவ்வளவு பெரிய கம்பெனி, அத்தனை கம்ப்யூட்டர் இருந்தும்.

எனக்கு இது ஒரு கிடங்கில் புரிந்தது. பெட்டி செய்யும் கிராஃப்ட் பேப்பருக்குத் தட்டுப்பாடு வரப்போகிறது என்று ஒரு பேச்சு ஓடிய சமயம். சோப்பு செய்யும் வாடிக்கையாளர் ஒருவர் 5 பிளை (ஐந்து அடுக்கு) பெட்டியை வழக்கத்தைவிட இரு மடங்கு கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எதற்கும் ஒருநாள் டெலிவரி லாரியோடு நானும் போனேன். அவர்கள் கிடங்கில் மாடிப்படிக்குக் கீழே எங்கள் கட்டுகள் கூரை வரை அடுக்கியிருந்தன. மேல் கட்டில் விரலை வைத்தால் தூசி மாவு மாதிரி ஒட்டியது. அடி மடிப்பில் நாங்கள் அடிக்கும் தேதி முத்திரையைத் திருப்பிப் பார்த்தேன்: மூன்று மாதத்துக்கு முந்தைய தேதி. சுவரோரம் இருந்த கட்டுகள் ஈரம் வாங்கி, அழுத்தினால் அமுங்கின. ஸ்டோர்ஸ் ஆளைக் கேட்டேன். "போற வேகத்துக்கு இது இன்னும் 70 நாள் வரும் சார், ஆனா வாங்கிப் போடச் சொல்றாங்க" என்றார். அதன்பிறகு நான்கு மாதம் அவர்களிடமிருந்து ஒரு ஆர்டரும் வரவில்லை. அந்த நான்கு மாதமும் நான் ஏமாறாமல் இருந்ததற்குக் காரணம் அந்த முத்திரை.

அதனால், ஆள் எடுப்பதற்கு முன் உங்கள் முதல் மூன்று வாடிக்கையாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்கள் சரக்கு உங்களிடம் எத்தனை நாளைக்கு இருக்கிறது?" முதலாளியைக் கேட்காதீர்கள், அவருக்கு ஆசை இருக்கும். ஸ்டோர்ஸ் ஆளைக் கேளுங்கள். முடிந்தால் நேரில் போய் எந்தத் தேதிச் சரக்கை இன்று பிரிக்கிறார்கள் என்று பாருங்கள். போன மாதச் சரக்கு தீர்ந்து நேற்று அனுப்பியதைப் பிரிக்கிறார்கள் என்றால் தாராளமாக ஆள் எடுக்கலாம். அதுவரை ஓவர்டைம் போதும்.

கேள்வி: ஆன்லைனில் கைவினைப் பொருள் விற்கிறேன். கடந்த 10 வாரத்தில் வந்த ஆர்டர்கள்: 42, 47, 39, 45, 50, 43, 46, 38, 44, 46. எட்டாவது வாரம் 46-லிருந்து 38-க்கு விழுந்ததும் பயந்துபோய் விலையைக் குறைத்தேன். அடுத்த இரண்டு வாரம் 44, 46 என்று ஏறிவிட்டது. விலைக் குறைப்பு பலித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

எண்களை அனுப்பியதற்கு முதலில் ஒரு நன்றி. பாதிப் பேர் "வியாபாரம் டல்" என்று மட்டும் எழுதுகிறார்கள்.

பலித்தது என்று சொல்ல இந்த எண்களில் ஆதாரம் இல்லை. காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன். 1924-ல், அமெரிக்காவில் தொலைபேசிக் கருவிகள் செய்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்த வால்டர் ஷூஹார்ட் தன் மேலதிகாரிக்கு ஒரு பக்கக் குறிப்பு ஒன்று எழுதினார். தொழிற்சாலையில் எந்த அளவும் எப்போதும் கொஞ்சம் ஆடிக்கொண்டேதான் இருக்கும். அந்த வழக்கமான ஆட்டத்துக்கு ஒரு வேலி போட்டுவிட்டால், வேலியைத் தாண்டும்போது மட்டும் காரணம் தேடினால் போதும். அவருடைய யோசனையின் சாரம் இது. அந்த வேலியை நீங்களே பத்து நிமிஷத்தில் போடலாம்.

உங்கள் 10 வாரத்தின் சராசரி 44. அடுத்தடுத்த வாரங்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை, ஏற்றமோ இறக்கமோ பார்க்காமல் எழுதுங்கள்: 5, 8, 6, 5, 7, 3, 8, 6, 2. இவற்றின் சராசரி ஏறக்குறைய 5.6. அதை, இந்த முறைக்கென்றே வகுத்துவைத்த எண்ணான 2.66 ஆல் பெருக்கினால் சுமார் 15. சராசரியிலிருந்து மேலே 15, கீழே 15. ஆக உங்கள் வேலி 29-க்கும் 59-க்கும் நடுவில். 38 அதற்கு வெகு உள்ளே இருக்கிறது. மூன்றாவது வாரத்தில் 39 வந்ததே, அப்போது நீங்கள் எதுவும் செய்யவில்லை. அடுத்த வாரம் தானாகவே 45 வந்தது. எட்டாவது வாரமும் சும்மா இருந்திருந்தால் ஒன்பதாவது வாரம் பெரும்பாலும் ஏறித்தான் இருக்கும். சராசரிக்குக் கீழே போனது சராசரிப் பக்கம் திரும்புவது இயல்பு. அதற்கு நீங்கள் விலையைக் கூலியாகக் கொடுத்துவிட்டீர்கள்.

வேலியைத் தாண்டாமலும் ஒரு மாற்றம் மெதுவாக வரலாம். தொடர்ந்து எட்டு வாரம் சராசரிக்குக் கீழேயே இருந்தால், ஒரு வாரமும் 29-ஐத் தொடாவிட்டாலும், அடியில் ஏதோ நகர்ந்துவிட்டது என்று பொருள். அப்போது விலையைப் பற்றிப் பேசலாம்.

இந்த வேலி தெரியாத காலத்தில் நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். திங்கள்கிழமைதோறும் மீட்டிங் வைத்து, போன வாரம் ஏன் இறங்கியது என்று விற்பனைப் பையனை நிற்கவைத்துக் கேட்பேன். அவனும் வாராவாரம் ஒரு காரணம் சொன்னான். மழை, வாகன ஸ்ட்ரைக், பர்ச்சேஸ் மேனேஜர் லீவு. எல்லாமே உண்மைதான். ஆனால் ஏறிய வாரங்களிலும் மழை பெய்தது. சில மாதம் கழித்து எங்கள் வாராந்தர வரைபடம் அழகாக, கோடு போட்டதுபோலச் சமமாகிவிட்டது. எனக்கு ஒரே பெருமை. கணக்காளர்தான் கண்டுபிடித்தார்: நல்ல வாரத்தில் வியாழன் போட வேண்டிய பில்லைப் பையன் அடுத்த திங்களுக்குத் தள்ளிவைத்துக்கொண்டிருந்தான். ஒரு எண்ணை வைத்து ஆளை அடிக்கத் தொடங்கினால் அந்த எண் பேசுவதை நிறுத்திவிடும். சார்லஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் 1975-ல் பணக் கொள்கையைப் பற்றி இதையே சொன்னார் என்று பின்னால் தெரிந்தது. எனக்குப் பாடம் சொன்னது அந்தப் பையன்.

கேள்வி: எங்கள் மென்பொருளில் 40 குறியீடுகள் காட்டும் டேஷ்போர்டு இருக்கிறது. ஏதாவது ஒன்று எப்போதும் சிவப்பாகவே இருக்கிறது. சரியா?

சரிதான், அதன் வேலையே அது. ஒவ்வொரு குறியீடும் 5% நேரம் காரணமில்லாமல் சிவப்பாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 40 இருந்தால், எல்லாமே நன்றாக இருக்கும் நாளிலும் குறைந்தது ஒன்றாவது சிவப்பாக இருக்கும் வாய்ப்பு 87%. நான்கு மட்டும் வைத்திருந்தால் 19%. மிச்சம் 36-ஐ மறைத்துவைக்க அதே மென்பொருளில் ஒரு பட்டன் இருக்கும், தேடிப் பாருங்கள்.

கேள்வி: பி.எம்.ஐ., கப்பல் வாடகைக் குறியீடு, பாண்டு வட்டி என்று டிவியில் சொல்கிறார்களே. சிறு தொழில்காரன் இதையெல்லாம் கவனிக்க வேண்டுமா?

கவனிக்கலாம், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கவனியுங்கள். பி.எம்.ஐ. என்பது நிறுவனங்களின் கொள்முதல் மேலாளர்களைக் கேட்டு எடுக்கும் எண். 50-க்கு மேல் என்றால் போன மாதத்தைவிடக் கூடியது என்றவர்கள் அதிகம், கீழே என்றால் குறைந்தது என்றவர்கள் அதிகம். எவ்வளவு கூடியது என்று அது கேட்பதில்லை. அதற்குள் ஒரு வேடிக்கையும் இருக்கிறது: சப்ளையர் தாமதமாகச் சரக்கு கொடுத்தால் அது நல்ல அறிகுறியாகக் கணக்கில் சேரும். ஆர்டர் நிறைய, அதனால்தான் தாமதம் என்று வைத்துக்கொள்வார்கள். 2020-ல் கொரோனாவால் தொழிற்சாலைகள் மூடிச் சரக்கு தாமதமானபோது, அந்தத் தாமதமும் குறியீட்டை மேலே தூக்கியது. அதனால் மொத்த எண்ணை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் "புதிய ஆர்டர்கள்" என்ற ஒரு வரியை மட்டும் பார்ப்பேன்.

கப்பல் வாடகையைக் காட்டும் பால்டிக் டிரை குறியீடு 2008 மே மாதம் 11,793 வரை போய், அதே வருஷம் டிசம்பரில் 663-க்கு வந்தது. உலக வர்த்தகம் மூச்சுத் திணறியதை அது சரியாகவே காட்டியது. 2016 பிப்ரவரியில் 290 வரை விழுந்ததே, அப்போது 2008-ஐவிடப் பெரிய நெருக்கடியா? இல்லை. தேவை மந்தம் ஒரு பக்கம் இருக்க, நடுவில் கட்டி இறக்கிய கப்பல்கள் அளவுக்கு மீறிவிட்டன. விலை என்று எதைப் பார்த்தாலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: வாங்க ஆள் இல்லையா, விற்கிறவன் கூடிவிட்டானா? உங்கள் சரக்கின் விலைக்கும் இது பொருந்தும்.

பாண்டு வட்டியைப் பற்றி ஒரு வரி போதும். அமெரிக்காவில் பத்தாண்டு அரசுப் பத்திரத்தின் வட்டி இரண்டாண்டு பத்திரத்தைவிடக் குறைந்தால் மந்தநிலை வரும் என்பது பல முறை பலித்த குறி. 2022 ஜூலை முதல் ஏறக்குறைய 2024 செப்டம்பர் வரை அப்படித்தான் இருந்தது. அந்த இரண்டு வருஷமும் காத்திருந்து மெஷின் வாங்காமல் இருந்தவர்கள் காத்துக்கொண்டே இருந்தார்கள்.

கேள்வி: எங்கள் புதுப் பொருளைப் பார்த்தவர்கள் எல்லோரும் "பிரமாதம், அவசியம் வாங்குகிறோம்" என்கிறார்கள். உற்பத்தியைத் தொடங்கிவிடலாமா?

டை காசு கொடுத்தாரா? எங்கள் தொழிலில் புது வடிவப் பெட்டி கேட்டால் அட்டையை அந்த வடிவத்தில் வெட்டும் அச்சை, அதாவது டையை, தனியாகச் செய்ய வேண்டும். "டை செலவில் பாதி உங்களுடையது" என்றதும் பத்துப் பேரில் ஏழு பேர் "பேசிட்டுச் சொல்றேன்" என்பார்கள். அந்த மூன்று பேரைத்தான் நான் எண்ணுவேன். உங்கள் தொழிலில் டைக்குச் சமமானது எது என்று பாருங்கள். முன்பணம், தங்கள் வரைபடத்தை அனுப்புவது, தங்கள் இன்ஜினியரை ஒரு நாள் அனுப்புவது, ஏதோ ஒன்று அவர்கள் பக்கத்திலிருந்து செலவாக வேண்டும். பாராட்டுக்கு யாருக்கும் செலவில்லை.

கேள்வி: வாடிக்கையாளர்கள் எங்களிடம் திருப்தியாகவே இருக்கிறார்கள். மாதாமாதம் கருத்துக்கேட்புப் படிவம் கொடுத்து வாங்குகிறோம். ஆனாலும் மொத்த வியாபாரம் தேய்கிறது. எங்கே தவறு?

படிவம் யாரிடம் கொடுக்கிறீர்கள்? இன்னும் உங்களிடம் வாங்குகிறவர்களிடம். திருப்தி இல்லாதவர்தான் போய்விட்டாரே. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்களுக்கு எந்த இடத்தில் கவசம் போடுவது என்ற கேள்வி எழுந்தது. திரும்பிவந்த விமானங்களில் எங்கெல்லாம் ஓட்டை இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் குழுவில் இருந்த ஆபிரகாம் வால்ட், திரும்பி வராத விமானங்களையும் கணக்கில் சேர்க்க வழி சொன்னார். எஞ்சினில் ஓட்டையோடு திரும்பியவை குறைவு என்றால், அங்கே அடிபட்டவை கீழே விழுந்துவிட்டன என்று பொருள்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். அது ஒரே பானையில், ஒரே தீயில் வெந்ததற்குச் சரி. வாடிக்கையாளர்கள் ஒரே பானையில் வேகவில்லை.

நாங்கள் "வராத ஆர்டர் நோட்டு" என்று ஒன்று வைத்தோம். கொட்டேஷன் கொடுத்து ஆர்டர் ஆகாத ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: யார், எத்தனை பெட்டி, ஏன் போனார். காரணம் எழுதும் இடத்தில் முதல் இரண்டு மாதம் "ரேட்" என்றே இருந்தது. விற்பனை ஆளுக்கு அதுதான் வசதி, அவர் மேல் பழி வராது. அப்புறம் நானே போன் போட்டு விசாரிக்க ஆரம்பித்தேன். ஐந்தாம் மாதம் நோட்டைப் புரட்டினால் ஒரு விஷயம் கண்ணில் குத்தியது. 200 பெட்டி, 150 பெட்டி, 300 பெட்டி என்று கேட்டவர்கள் வரிசையாக இருந்தார்கள். நாங்கள் 2,000-க்குக் கீழே எடுப்பதில்லை. முன்பெல்லாம் இப்படிக் கேட்பவர் வருஷத்துக்கு இரண்டு பேர். இப்போது மாதத்துக்கு ஒன்பது. வீட்டிலிருந்து பார்சல் அனுப்பும் புது வியாபாரிகள். எங்கள் விற்பனைக் கணக்கில் இவர்கள் ஒரு எண்ணாகக்கூட இல்லை, ஏனென்றால் நாங்கள் விற்கவே இல்லையே. சின்ன ஆர்டருக்கென்று ஒரு மேஜையும் இரண்டு ஆளும் ஒதுக்கினோம். மூன்று வருஷத்தில் வியாபாரத்தில் கால்வாசி அந்த மேஜையிலிருந்து வந்தது. இன்னும் ஒரு வருஷம் முன்னாலேயே நோட்டு போட்டிருக்கலாம் என்ற வருத்தம் இன்றும் உண்டு.

கேள்வி: கெட்ட செய்தி எனக்குத்தான் கடைசியில் தெரிகிறது. ஊழியர்கள் ஏன் முன்னாலேயே சொல்வதில்லை?

சொல்லியிருப்பார்கள், பாதி வழியில் நின்றிருக்கும். 1941 டிசம்பர் 7 அன்று காலை 7.02-க்கு ஹவாயின் ஓஹு தீவில் அமெரிக்க ராணுவத்தின் ரேடார் திரையில் ஒரு பெரிய விமானக் கூட்டம் தெரிந்தது. சுமார் 130 மைல் தூரத்தில். இயக்கிய இரண்டு சிப்பாய்களும் உடனே மையத்துக்குத் தகவல் சொன்னார்கள். அங்கிருந்த இளம் அதிகாரிக்கு, அன்று காலை அமெரிக்க விமானங்களே சில வரவிருப்பது தெரியும். அவையாகத்தான் இருக்கும், கவலைப்படாதே என்று சொல்லிவிட்டார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அங்கே பேர்ல் துறைமுகத்தில் ஜப்பானின் குண்டு விழுந்தது. கருவி வேலை செய்தது, ஆளும் வேலை செய்தார்கள். கைவசம் ஒரு சமாதானமும் தயாராக இருந்ததுதான் வினை.

எங்கள் லாரி டிரைவர் ஒருநாள் என்னிடம் சாவி கொடுக்க வந்தவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், அந்தக் கம்பெனியில இப்ப ஒரு ஷிப்டுதான் ஓடுது. கேட் பக்கத்துல பைக்கே நிக்கறதில்ல. முன்னெல்லாம் லாரி திருப்ப எடம் இருக்காது." எத்தனை நாளாக என்றேன். "மூணு வாரமாச்சு, சூப்பர்வைசர்கிட்ட சொன்னேனே" என்றார். சூப்பர்வைசரைக் கேட்டால், "வதந்தியெல்லாம் எங்கிட்ட கொண்டுவராதீங்கன்னு நீங்கதானே சார் போன வருஷம் சத்தம் போட்டீங்க" என்கிறார். உண்மை. போட்டேன்.

அன்றிலிருந்து டெலிவரி சலானின் பின்பக்கத்தில் மூன்று கட்டம் அச்சடித்தோம்: இறக்க எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள், எத்தனை ஷிப்டு ஓடுகிறது, எங்கள் பழைய சரக்கு எவ்வளவு கிடக்கிறது. டிரைவர் டிக் அடித்தால் போதும், அபிப்பிராயம் சொல்ல வேண்டியதில்லை. அபிப்பிராயம் கேட்டால்தான் பயப்படுகிறார்கள்.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் சறுக்கியதே இல்லையா?

மேலே சொன்ன அந்த ஒற்றை ஷிப்டு கம்பெனிதான். பாக்கி 60 நாளைத் தாண்டினால் சரக்கை நிறுத்துவது என்று கணக்கு நோட்டில் அவர்களுக்கான பக்கத்தில் என் கையாலேயே எழுதியிருந்தேன். டிரைவர் சொன்னபோது பாக்கி 58 நாள். இரண்டு நாள் கழித்துக் கணக்காளர் நோட்டோடு வந்து நின்றார். அந்த முதலாளி எனக்கு 15 வருஷப் பழக்கம், தொழில் ஆரம்பித்த புதிதில் எனக்கு முன்பணம் கொடுத்துத் தூக்கிவிட்டவர். போன் செய்தேன். "அடுத்த மாசம் சரியாயிடும்" என்றார். 60-ஐ அடித்து 75 என்று எழுதினேன். கணக்காளர் ஒன்றும் சொல்லவில்லை. 75-ஐயும் அடித்து 90 என்று எழுதியபோது மட்டும், "தேதியும் போட்டுடுங்க தம்பி" என்றார்.

90 வருவதற்குள் கேட்டில் பூட்டு விழுந்துவிட்டது. கடைசி லோடு, 11,000 பெட்டி, அவர்கள் பெயர் இரண்டு வர்ணத்தில் அச்சாகி எங்கள் ஷெட்டிலேயே நின்றது. வேறு யாருக்கும் உதவாது. ஒரு வருஷம் வைத்திருந்து பழைய அட்டை விலைக்கு எடைக்குப் போட்டோம். அந்த நோட்டு இப்போது கணக்காளரின் அலமாரியில் இருக்கிறது, எனக்கு வேண்டும் என்றால் அவரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.